நோபல் வேதியியல் 1901–1921: ரூதர்ஃபோர்டுக்கு ஏன், மெண்டலீவுக்கு ஏன் இல்லை?

கேள்விக்குறி:

வணக்கம். 1901-இல் தொடங்கி 1921 வரை வேதியியலுக்கு நோபல் வாங்கியவர்களை வரிசையாகப் படித்துக்கொண்டு வருகிறேன். வான்ட் ஹாஃப், எமில் ஃபிஷர், அர்ரீனியஸ், ராம்சே, பேயர், மொய்சான், புக்னர் என்று பெயர்கள் எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டன. ஆனால் எங்கே தேடினாலும் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரே ஒரு வரிதான், சர்க்கரைகள் பற்றிய ஆய்வுக்காக, அணு எடைகளைத் துல்லியமாக அளந்ததற்காக என்று. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, அந்த மனிதர் ஆய்வகத்தில் நின்று கையால் என்ன செய்தார், எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார் என்பது பிடிபடவே மாட்டேன் என்கிறது.

மூன்று விஷயம் குறிப்பாகக் குழப்புகிறது. ரூதர்ஃபோர்டு இயற்பியல்காரர், அவருக்கு 1908-இல் எதற்கு வேதியியல் பரிசு? தனிம வரிசை அட்டவணையையே கொடுத்த மெண்டலீவ் 1907 வரை உயிரோடு இருந்திருக்கிறார், அவருக்கு ஏன் கிடைக்கவில்லை? மேரி கியூரிக்கு 1903-இலும் 1911-இலும் இரண்டு பரிசு, இரண்டுமே ரேடியத்துக்குத்தானே, அது எப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கூடவே அந்தக் காலத்துச் சோதனைகளில் உங்களுக்குப் பிடித்த ஒன்றை, பாத்திரம் கரைசல் உள்பட விவரமாக எழுதினால் இன்னும் நல்லது. நீளமாக இருந்தாலும் பரவாயில்லை, படிக்கிறேன்.

ஆல்ஃபா துகள்:

ரூதர்ஃபோர்டு கேள்விக்கு முதலில் வருகிறேன். அவருக்கு அணுக்கருவைக் கண்டுபிடித்ததற்காகப் பரிசு கிடைத்தது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தேதிகளைப் பாருங்கள். பரிசு 1908-இல். மெல்லிய உலோகத் தகட்டில் மோதிய ஆல்ஃபா துகள்களில் (கதிரியக்கப் பொருள்கள் உமிழும் துகள்கள்) சில திரும்பி வருகின்றன என்று தெரிந்தது 1909-இல், அதிலிருந்து அணுவுக்கு நடுவே ஒரு கரு இருக்க வேண்டும் என்று அவர் எழுதியது 1911-இல். அவருடைய மிகப் பெரிய கண்டுபிடிப்பு நோபல் வாங்கியதற்கு அப்புறம் வந்தது, அதற்கென்று தனியாக இன்னொரு நோபல் கொடுக்கவே இல்லை.

1908 பரிசுக்கான வேலையின் முக்கியப் பகுதி கனடாவில், மாண்ட்ரியாலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில், 1901 முதல் 1903 வரை நடந்தது. கூட இருந்தவர் ஃபிரெடெரிக் சாடி, அப்போது இருபதுகளின் நடுவில் இருந்த இளம் வேதியியலாளர். அவர்கள் செய்ததில் ஒரு பகுதியை மட்டும் சொல்கிறேன், அது ஏன் வேதியியல் என்று தானாகவே விளங்கும்.

தோரியம் உப்பைத் தண்ணீரில் கரைத்து அதில் அமோனியா ஊற்றினால் தோரியம் முழுவதும் ஹைட்ராக்சைடாக வீழ்படிந்துவிடும். வடிகட்டினால் கீழே இறங்கும் திரவத்தில் தோரியம் கிடையாது. அந்தத் திரவத்தை வற்றவைத்து, மிஞ்சிய அமோனியம் உப்பையும் சூடேற்றி விரட்டினால், கிண்ணத்தின் அடியில் எடை பார்க்கக்கூட முடியாத ஒரு கறைதான் மிச்சம். கதிரியக்கத்தின் பெரும்பகுதி அந்தக் கறையில் இருந்தது! வடிதாளில் நின்ற தோரியத்தில் கதிரியக்கம் வெகுவாகக் குறைந்துபோயிருந்தது. சரி, தோரியத்தோடு ஏதோ ஒரு வேற்றுப் பொருள் ஒட்டிக்கொண்டிருந்தது, அதைப் பிரித்துவிட்டோம் என்று எவரும் நினைப்பார்கள். அந்தப் பொருளுக்குத் தோரியம் எக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். 1901 கிறிஸ்துமஸ் விடுமுறை வந்தது, இரண்டையும் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வந்து பார்த்தால் தோரியம் எக்ஸின் கதிரியக்கம் கிட்டத்தட்ட அடங்கிப்போயிருக்கிறது, தோரியமோ இழந்ததை எல்லாம் திரும்பப் பெற்றிருக்கிறது.

அப்புறம் நாள்தோறும் அளந்தார்கள். தோரியம் எக்ஸ் பாதியாகக் குறைய சுமார் 4 நாள். தோரியம் இழந்ததில் பாதியை மீட்க எடுத்துக்கொள்வதும் அதே 4 நாள். இரண்டு வளைவுகளையும் கூட்டினால் எப்போதும் ஒரே அளவு. தோரியம் இடைவிடாமல் புதிய தோரியம் எக்ஸை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது, அதுவும் பிறந்த வேகத்தில் அழிந்துகொண்டே இருக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இல்லை. அமோனியாவில் ஒன்று வீழ்படிகிறது, இன்னொன்று வீழ்படியவில்லை, ஆகவே அவை வேதியியல்படி வெவ்வேறு தனிமங்கள். ஒரு தனிமம் இன்னொன்றாக மாறுகிறது! அதோடு, தோரியத்திலிருந்து வெளியேறும் கதிரியக்க வாயுவைப் பழுக்கக் காய்ச்சிய பிளாட்டினம், மக்னீசியம் என்று எதன்மேல் செலுத்தினாலும் அது வினைபுரியாமல் வெளியே வந்தது. ஆகவே அது ஆர்கான் குடும்பத்தைச் சேர்ந்தது என்றும் காட்டினார்கள். கதிரியக்கத்தை அளந்தது மின்னூட்டமானியால் (எலக்ட்ரோமீட்டர்) என்றாலும், முடிவைத் தாங்கி நிற்பது வடிதாளும் வீழ்படிவும்தான். என்னைக் கேட்டால் வேதியியல் பரிசு மிகச் சரியான முடிவு. ரூதர்ஃபோர்டுக்கே அது வியப்பாக இருந்தது, தான் பார்த்த மாற்றங்களிலேயே மிக வேகமானது தான் இயற்பியலாளரிலிருந்து வேதியியலாளராக மாறியதுதான் என்று விருந்தில் சொன்னாராம். சாடிக்கு 1921-ஆம் ஆண்டுப் பரிசு தனியாகக் கிடைத்தது.

தராசுத்தட்டு:

மேலே சொன்னது அருமை. எனக்குப் பிடித்தது 1904, வில்லியம் ராம்சே. மந்த வாயுக்களைக் கண்டுபிடித்தவர் என்ற அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் எவ்வளவு பொறுமை இருக்கிறது தெரியுமா!

கதை தொடங்குவது ராலே என்ற ஆங்கிலேய இயற்பியலாளரிடம். வாயுக்களின் அடர்த்தியைத் துல்லியமாக அளக்க வேண்டும் என்று அவர் ஒரு பெரிய கண்ணாடிக் கோளத்தை எடுத்துக்கொண்டு, காற்றை உறிஞ்சி எடைபோட்டு, பிறகு வாயுவை நிரப்பி எடைபோட்டுப் பல வருஷம் கழித்தார். நைட்ரஜனை இரண்டு வழியில் தயாரித்தார். காற்றிலிருந்து ஆக்சிஜன், ஈரம், கார்பன் டைஆக்சைடு எல்லாவற்றையும் நீக்கி எடுத்தது ஒன்று, அமோனியா போன்ற சேர்மங்களிலிருந்து எடுத்தது இன்னொன்று. காற்றிலிருந்து வந்தது அவருடைய கோளத்தில் 2.310 கிராம், சேர்மத்திலிருந்து வந்தது 2.299 கிராம். வித்தியாசம் வெறும் 11 மில்லிகிராம். வேறு யாராக இருந்தாலும் சோதனைப் பிழை என்று சராசரி எடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். அவர் விடவில்லை. 1892-இல் இதற்கு என்ன காரணம் என்று வேதியியலாளர்கள் யாராவது சொல்ல முடியுமா என்று பகிரங்கமாகவே கேட்டு எழுதினார்.

லேசான வாயுவில் ஹைட்ரஜன் கலந்திருக்குமோ என்ற சந்தேகம் வந்தது. அதற்காகக் கனமான வாயுவில் வேண்டுமென்றே ஹைட்ரஜனைச் சேர்த்து, வழக்கமான சுத்திகரிப்பு முறையில் நீக்கி எடைபோட்டார், எடை மாறவில்லை, ஆகவே ஹைட்ரஜன் மிஞ்ச வழியில்லை. நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஸ் ஆக்சைடு, அம்மோனியம் நைட்ரைட் என்று வேறு வேறு சேர்மங்களிலிருந்து நைட்ரஜனை எடுத்துப் பார்த்தார், எல்லாமே லேசான பக்கத்தில்தான் நின்றன. அப்படியானால் தவறு சேர்மத்தில் கிடையாது, காற்றில்தான் ஏதோ இருக்கிறது.

ராம்சே இங்கே நுழைகிறார். காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜனை, பழுக்கக் காய்ச்சிய மக்னீசியத்தின் மேல் திரும்பத் திரும்பச் செலுத்தினார். மக்னீசியம் நைட்ரஜனை விழுங்கி நைட்ரைடாகிவிடும். வாயுவின் கன அளவு நாளுக்கு நாள் சுருங்குகிறது, ஆனால் அடர்த்தி ஏறுகிறது. ஹைட்ரஜனை 1 என்று வைத்தால் நைட்ரஜனுக்கு 14, இதுவோ ஏறி ஏறி 20-ஐ நெருங்கியது. கடைசியில் மிஞ்சிய குமிழை மின்குழாயில் அடைத்து நிறமாலையைப் பார்த்தால், அதுவரை எந்த வாயுவிலும் பார்த்திராத சிவப்புக் கோடுகளும் பச்சைக் கோடுகளும். 1894 ஆகஸ்டில் ராலேயும் ராம்சேயும் சேர்ந்து அறிவித்தார்கள். அதுதான் ஆர்கான், நாம் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே இழுக்கும் காற்றில் கிட்டத்தட்ட நூற்றில் ஒரு பங்கு.

எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் கேவண்டிஷ். அவர் 1785-லேயே காற்றில் மின்பொறி பாய்ச்சி நைட்ரஜன் முழுவதையும் ஆக்சிஜனோடு சேர்த்து நீக்கியிருக்கிறார், எவ்வளவு முயன்றும் ஒரு சின்னக் குமிழ் மட்டும் கரையாமல் நின்றது, மொத்தத்தில் 120-இல் ஒரு பங்குக்கு மேல் இருக்காது என்று எழுதியும் வைத்திருக்கிறார். நூறு வருஷத்துக்கு மேல் அந்த வாக்கியத்தை யாரும் பொருட்படுத்தவில்லை.

ராம்சே அதோடு நிற்கவில்லை. 1895-இல் ஒரு யுரேனியக் கனிமத்தை அமிலத்தில் போட்டுக் கொதிக்கவைத்து வந்த வாயுவில், 1868 முதல் சூரிய ஒளியில் மட்டுமே பார்த்திருந்த மஞ்சள் கோட்டைக் கண்டார், அது ஹீலியம். 1898-இல் மோரிஸ் டிராவர்ஸுடன் சேர்ந்து திரவக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாக்கிப் பிரித்து கிரிப்டான், நியான், செனான் மூன்றையும் சில மாதங்களுக்குள் எடுத்தார். அட்டவணையில் ஒரு முழு நெடுவரிசை, கிட்டத்தட்ட ஒருவருடைய ஆய்வகத்திலிருந்தே வந்தது. ராலேவுக்கும் அதே 1904-இல் இயற்பியல் பரிசு கிடைத்தது.

கேள்விக்குறி:

இரண்டு பதிலையும் ஒரே மூச்சில் படித்தேன், மிக்க நன்றி. தராசுத்தட்டு அவர்களே, ஒரு சந்தேகம். ஆர்கானின் அணு எடை 40, அதற்கு அடுத்து வரும் பொட்டாசியம் 39. அணு எடை வரிசையில் அடுக்கிய மெண்டலீவுக்கு இது இடித்திருக்க வேண்டுமே, அவர் என்ன சொன்னார்? அந்தப் பரிசு விவகாரத்தையும் யாராவது சொல்லுங்கள்.

மின்னுலை:

இடித்தது. ஆர்கான் தனிமமே கிடையாது, மூன்று நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறாக இருக்கலாம் என்றுதான் மெண்டலீவ் முதலில் நினைத்தார். ஹீலியமும் மற்றவையும் வரிசையாக வந்து, ஒரு தனிக் குடும்பமாகவே நின்ற பிறகுதான் ஏற்றுக்கொண்டார். 40-க்கும் 39-க்கும் இருந்த முரண்பாடு தீர்ந்தது 1913-இல் மோஸ்லி என்ற இயற்பியலாளர் அணு எண்ணை அளந்து, தனிமங்களை எடைப்படி அல்ல, அந்த எண்படிதான் அடுக்க வேண்டும் என்று காட்டிய பிறகு, அதைப் பார்க்க மெண்டலீவ் இல்லை.

பரிசு விஷயம் இப்படி. 1906-இல் வேதியியல் குழுவின் பெரும்பான்மை மெண்டலீவைத்தான் பரிந்துரைத்தது. இறுதி முடிவை எடுக்கும் ஸ்வீடன் அறிவியல் அகாடமி அதை மாற்றி மொய்சானுக்குக் கொடுத்தது. சொல்லப்பட்ட காரணம், தனிம வரிசை விதி 1869-லேயே வந்துவிட்டது, எல்லோரும் ஏற்றுக்கொண்ட பழைய விஷயம், நோபலின் உயிலோ சமீபத்திய கண்டுபிடிப்புகளைக் கேட்கிறது என்பது. அர்ரீனியஸின் செல்வாக்கும் இதில் இருந்தது என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள், கரைசலில் உப்புகள் அயனிகளாகப் பிரிகின்றன என்ற அவருடைய கொள்கையை மெண்டலீவ் கடுமையாக எதிர்த்தவர். 1907 பிப்ரவரி 2-ஆம் தேதி மெண்டலீவ் இறந்தார், அதே மாதம் 20-ஆம் தேதி மொய்சானும் இறந்துவிட்டார்.

ஆனால் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் மொய்சானை ஏதோ தகுதி இல்லாதவர் போல ஓரமாகத் தள்ளுகிறார்கள், அது எனக்குத் தாங்கவில்லை. ஃபுளோரினைப் பிரித்தெடுப்பது என்றால் சாதாரணக் காரியமா? டேவி, கே-லுசாக் எல்லோரும் முயன்று உடம்பைக் கெடுத்துக்கொண்டார்கள், பெல்ஜியத்தின் லூயெட், பிரான்ஸின் நிக்கிளெஸ் இருவரும் ஹைட்ரஜன் ஃபுளோரைடு நச்சில் உயிரையே விட்டார்கள். பாத்திரம் கண்ணாடியாக இருந்தால் கரைத்துவிடும், தண்ணீர் துளி இருந்தாலும் ஃபுளோரினுக்குப் பதில் ஆக்சிஜன் வரும், தண்ணீரே இல்லாத ஹைட்ரஜன் ஃபுளோரைடோ மின்சாரத்தைக் கடத்தாது. மொய்சான் என்ன செய்தார்? பிளாட்டினத்தால் ஆன வளைகுழாய், பிளாட்டினம்-இரிடியம் மின்முனைகள், அடைப்பான்கள் ஃபுளோர்ஸ்பார் கல்லில் செதுக்கியவை, திரவத்தில் பொட்டாசியம் ஹைட்ரஜன் ஃபுளோரைடைக் கரைத்துக் கடத்தும் தன்மை வரவைத்து, முழுவதையும் தண்ணீரின் உறைநிலைக்கு மிகக் கீழே குளிரவைத்து மின்சாரம் செலுத்தினார். 1886 ஜூன் 26-ஆம் தேதி வாயு வந்தது, சிலிக்கனைக் காட்டியவுடன் அது தானாகவே தீப்பிடித்து எரிந்தது.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். சரிபார்க்க பிரெஞ்சு அகாடமியிலிருந்து மூத்த வேதியியலாளர்கள் வந்தார்கள். அவர்கள் முன்னால் செய்து காட்டும்போது எதுவுமே வரவில்லை, மின்சாரமே ஓடவில்லை. யோசித்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது, பெரியவர்கள் வருகிறார்களே என்று ஹைட்ரஜன் ஃபுளோரைடை அளவுக்கு மீறிச் சுத்தம் செய்துவிட்டார், அதில் பொட்டாசியம் உப்பே இல்லாமல் போய்விட்டது. கொஞ்சம் உப்பைச் சேர்த்து மறுபடி செய்தார், வாயு தாராளமாக வந்தது. பரிசு ஃபுளோரினோடு, அவர் உருவாக்கிய மின்வில் உலைக்கும் சேர்த்துத்தான், 3,000 டிகிரியைத் தாண்டும் அந்த வெப்பத்தில் கார்பைடுகளையும் அரிய உலோகங்களையும் வரிசையாகத் தயாரித்தார்.

எண்முகி:

மின்னுலை, மொய்சானைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மறுப்பதற்கில்லை. ஆனால் பழைய விஷயம் என்ற காரணத்தை என்னால் ஏற்க முடியாது. 1905-இல் பேயருக்குக் கொடுத்தார்களே, அவருடைய இண்டிகோ வேலை பெரும்பாலும் 1870-களிலும் 1880-களிலும் செய்தது. மொய்சானின் ஃபுளோரினுக்கே அப்போது இருபது வயது. மெண்டலீவின் விதியோ 1894-க்கு அப்புறம், ராம்சேயின் வாயுக்கள் அதில் பாங்காக உட்கார்ந்தபோது, புதிதாக இன்னொரு முறை நிரூபிக்கப்பட்டது. அது அநியாயம்தான்.

சரி, என் பங்குக்கு ஆல்ஃப்ரெட் வெர்னர், 1913. ஒரு சோதனைக்குழாய், கொஞ்சம் வெள்ளி நைட்ரேட், ஒரு நல்ல மூளை, இவ்வளவுதான் தேவைப்பட்டது.

கோபால்ட் குளோரைடும் அமோனியாவும் சேர்ந்த உப்புகள் பல, அவற்றின் நிறங்கள் கண்ணைப் பறிக்கும். ஒரு கோபால்ட், மூன்று குளோரின் என்பது எல்லாவற்றிலும் ஒன்றுதான், அமோனியா எண்ணிக்கைதான் மாறும். ஆறு அமோனியா இருந்தால் மஞ்சள், ஐந்து இருந்தால் ஊதா கலந்த சிவப்பு, நான்கு இருந்தால் பச்சை. இப்போது ஒவ்வொன்றையும் தண்ணீரில் கரைத்து வெள்ளி நைட்ரேட் விடுங்கள். மஞ்சளில் மூன்று குளோரினும் உடனே வெள்ளைத் தயிராக இறங்கும். ஐந்து அமோனியா உப்பில் இரண்டுதான் இறங்கும். பச்சையில் ஒன்றே ஒன்று. மற்ற குளோரின்கள் எங்கே போயின? அவையும் உள்ளேதான் இருக்கின்றன, ஆனால் கையில் சிக்க மாட்டேன் என்கின்றன.

கோபன்ஹேகனில் யோர்கென்சன் என்ற பெரிய சோதனைக்காரர், அமோனியாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு நிற்கின்றன என்று விளக்கினார், கார்பன் சேர்மங்களில் பழகிய மூளைக்கு அதுதான் இயல்பாகத் தோன்றும். வெர்னர் 1893-இல், இருபத்தாறு வயதில், வேறு மாதிரிச் சொன்னார். கோபால்ட்டைச் சுற்றி ஆறு இடம் உண்டு, அந்த ஆறும் எப்போதும் நிரம்பியிருக்கும். ஒரு அமோனியா விலகினால் அந்த இடத்தில் ஒரு குளோரின் நேராகக் கோபால்ட்டோடு போய் ஒட்டிக்கொள்ளும், ஒட்டியது வெள்ளி நைட்ரேட்டுக்கு அகப்படாது. வெளியே அயனியாக நிற்பது மட்டும்தான் வீழ்படியும். மூன்று, இரண்டு, ஒன்று என்ற கணக்கு அப்படியே சரியாக வருகிறது. மியோலாத்தி என்ற வேதியியலாளரோடு சேர்ந்து கரைசல்களின் மின்கடத்துத்திறனை அளந்தார், அயனிகளின் எண்ணிக்கையும் இதையே சொன்னது.

அந்த ஆறு இடமும் எண்முகியின் ஆறு மூலைகள் என்றும் துணிந்து சொன்னார். எக்ஸ் கதிரால் படிகத்துக்குள் பார்க்கும் வசதி எதுவும் வராத காலம் அது! எப்படிச் சொன்னார் என்றால், நான்கு அமோனியா, இரண்டு குளோரின் உள்ளே இருக்கும் உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு இடமும் தட்டையான அறுகோணமாக இருந்தால் இரண்டு குளோரின்களை மூன்று விதமாக வைக்கலாம், முக்கோணப் பட்டகமாக இருந்தாலும் மூன்று விதம்தான், எண்முகியில் மட்டும்தான் இரண்டே விதம், பக்கத்துப் பக்கத்தில் அல்லது எதிர் எதிரே. கையில் ஒரு காகித எண்முகி செய்து வைத்துப் பாருங்கள், ஒரு நிமிஷத்தில் விளங்கும். பச்சை உப்பு கையில் இருந்தது, அதன் இணை ஊதா நிறத்தில் இருக்க வேண்டும், ஆனால் இந்த அமோனியா உப்பில் அதை யாராலும் தயாரிக்க முடியவில்லை. யோர்கென்சன் அதையே எதிர்வாதமாகப் பிடித்துக்கொண்டார். 1907-இல் வெர்னர் ஊதா உப்பைத் தயாரித்துவிட்டார், யோர்கென்சனும் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். மூன்றாவது வகை யாருக்கும் கிடைக்கவே இல்லை.

1911-இல் விக்டர் கிங் என்ற அமெரிக்க மாணவரோடு சேர்ந்து, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு கோபால்ட் சேர்மங்களைப் பிரித்தும் காட்டினார், தட்டையான அறுகோணமாக இருந்தால் அப்படிப் பிம்பங்கள் வரவே வராது. இரண்டு வருஷத்தில் நோபல். கனிம வேதியியலின் அமைப்பு என்று நாம் இன்று படிக்கும் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம் இந்த மனிதர்தான், ஆனால் பள்ளிப் புத்தகத்தில் அரைப் பக்கத்தில் முடித்துவிடுகிறார்கள்.

ஆல்ஃபா துகள்:

கியூரி கேள்வி பாக்கி இருக்கிறது. 1903 இயற்பியல் பரிசு பெக்கரெலுக்குப் பாதி, மேரி-பியர் தம்பதிக்குப் பாதி, கதிர்வீச்சு என்ற நிகழ்வை ஆராய்ந்ததற்காக. அந்த அறிவிப்பில் ரேடியம், பொலோனியம் என்ற தனிமங்களின் கண்டுபிடிப்பைச் சேர்க்கவில்லை, பின்னால் வேதியியல் பரிசுக்கு இடம் விட்டு வைத்தார்கள். 1911 பரிசு அந்தக் கண்டுபிடிப்புக்கும், ரேடியத்தைப் பிரித்தெடுத்ததற்கும், அதன் சேர்மங்களை ஆராய்ந்ததற்கும்.

நடுவில் நடந்ததைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். டன் கணக்கில் பிட்ச்பிளெண்ட் என்ற யுரேனியக் கனிமத்தின் கழிவைக் கொதிக்கவைத்து, பேரியம் குளோரைடோடு கலந்திருந்த ரேடியம் குளோரைடைத் திரும்பத் திரும்பப் படிகமாக்கி, 1902-இல் மேரி எடுத்தது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடு. அதை வைத்து அணு எடை 225 என்று கணக்கிட்டார். 1906-இல் கெல்வின் பிரபு, ரேடியம் தனிமமாக இருக்காது, ஈயமும் ஹீலியமும் சேர்ந்த சேர்மமாக இருக்கலாம் என்று சந்தேகம் கிளப்பினார். பியர் அந்த வருஷம் ஏப்ரலில் விபத்தில் இறந்துபோயிருந்தார். கெல்வின் அந்தக் காலத்தின் மிகப் பெரிய பெயர். மேரி அறிக்கை எழுதி வாதாடிக்கொண்டிருக்கவில்லை, உலோகத்தையே எடுத்துக் காட்டினார். 1910-இல் ஆந்த்ரே தெபியேர்னுடன் சேர்ந்து, பாதரசத்தை எதிர்மின்முனையாக வைத்து ரேடியம் குளோரைடை மின்பகுத்து, கிடைத்த இரசக்கலவையிலிருந்து ஹைட்ரஜன் சூழலில் பாதரசத்தை ஆவியாக்கி விரட்டினார்கள். மிஞ்சியது பளபளக்கும் வெள்ளை உலோகம், காற்றுப் பட்டதும் கறுத்தது. ஆகவே இரண்டாவது பரிசு வேறு வேலைக்கு, அதுவும் நான்கு வருஷம் கூடுதலாக உழைத்த வேலைக்கு.

பழைய குடுவை:

நல்ல திரி. ஆனால் 1918-ஐ யாரும் தொடவில்லையே, ஃபிரிட்ஸ் ஹேபர். அவரை விட்டுவிட்டு இந்தக் காலத்தைப் பற்றிப் பேசினால் பாதிதான் பேசியதாக ஆகும்.

நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அமோனியா ஆக்குவதில் சங்கடம் என்னவென்றால், வெப்பத்தைக் குறைத்தால் அமோனியா நிறைய வரவேண்டும், ஆனால் வினை நகராது, வெப்பத்தை ஏற்றினால் வினை நகரும், ஆனால் உண்டான அமோனியா திரும்பப் பிரிந்துவிடும். நெர்ன்ஸ்ட் என்ற இன்னொரு ஜெர்மன் வேதியியலாளருக்கும் ஹேபருக்கும் 1907-இல் ஒரு மாநாட்டிலேயே இந்த அளவுகளைப் பற்றிப் பகிரங்கமாகச் சண்டை நடந்தது. அந்த அவமானம் ஹேபரை இன்னும் ஆழமாக இறங்க வைத்தது. ராபர்ட் லெ ராசிஞ்யோல் என்ற அபாரமான கைத்திறன் கொண்ட உதவியாளரோடு, 200 வளிமண்டல அளவுக்கு அருகான அழுத்தம், 500-600 டிகிரி வெப்பம், ஆஸ்மியம் வினையூக்கி, வினைபுரியாத வாயுவை மறுபடி மறுபடி சுற்றவிடும் அமைப்பு என்று கட்டி, 1909 ஜூலையில் கார்ல்ஸ்ரூவில் பாஸ்ஃப் (BASF) என்ற வேதிப்பொருள் நிறுவனத்தாருக்குக் காட்டினார். திரவ அமோனியா சொட்டுச் சொட்டாக வந்தது. அந்த நிறுவனத்தின் மிட்டாஷ் ஆயிரக்கணக்கான சோதனை செய்து மலிவான இரும்பு வினையூக்கியைக் கண்டார், போஷ் பெரிய உலையைக் கட்டினார், 1913-இல் ஓப்பாவில் ஆலை ஓடியது. இன்று உலகத்தில் விளையும் உணவில் கிட்டத்தட்ட பாதி இந்த வினையில் வந்த உரத்தை நம்பி நிற்கிறது.

அதே மனிதர்தான் 1915 ஏப்ரல் 22-ஆம் தேதி முதல் உலகப் போரில், பெல்ஜியத்தின் ஈப்ரு போர்முனையில் குளோரின் வாயுவை எதிரிகள் பக்கம் திறந்துவிட்டதை முன்னின்று நடத்தினார். சில நாளில், மே 2-ஆம் தேதி, அவர் மனைவி கிளாரா இம்மர்வார், அவரும் வேதியியலில் முனைவர், தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தார். 1918-ஆம் ஆண்டுக்கான பரிசை அடுத்த வருஷம் அறிவித்தபோது எதிர்ப்பு கிளம்பியதில் வியப்பே இல்லை. அமோனியாவுக்குப் பரிசு தகும் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது, ஆனால் அந்தத் துப்பாக்கிச் சத்தத்தை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுதுவது முறையில்லை என்று உறுதியாக நினைக்கிறேன்.

கேள்விக்குறி:

ஹேபரைச் சேர்த்ததற்கு நன்றி, இந்தப் பின்னணி எனக்குத் தெரியாது. கடைசியாக ஒன்று. 1914, தியோடர் ரிச்சர்ட்ஸ், அணு எடைகளை அளந்ததற்காக. இத்தனை பேருக்கு நடுவில் வெறும் அளவீட்டுக்கு ஏன் பரிசு என்று தோன்றுகிறது. அதோடு ஐசோடோப்பு என்று தெரிந்த பிறகு அந்த எண்களுக்கு என்ன மதிப்பு?

தராசுத்தட்டு:

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ரிச்சர்ட்ஸ் ஹார்வர்டில் செய்தது, உப்பைக் கரைத்து வெள்ளி நைட்ரேட்டோடு சேர்த்து, வரும் வெள்ளி குளோரைடை எடைபோடுவது, மேலே எண்முகி சொன்ன அதே வெள்ளைத் தயிர்தான். ஆனால் எங்கெல்லாம் பிழை நுழையும் என்று தேடித் தேடி அடைத்தார். உருக்கிய உப்பு எடைபோடப் போகும் வழியில் காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது என்பதால், ஈரமற்ற வாயுவுக்குள்ளேயே குப்பியில் அடைத்து மூடும் கருவி ஒன்றைச் செய்தார். வீழ்படிந்த பிறகும் திரவத்தில் மிக மிகக் கொஞ்சம் வெள்ளி குளோரைடு கரைந்து நிற்கும், அதை மங்கலின் அளவை வைத்துக் கணக்கிட இன்னொரு கருவி. இப்படிச் செய்து, அதுவரை எல்லோரும் வேதவாக்காக வைத்திருந்த, பெல்ஜிய வேதியியலாளர் ஸ்டாஸின் எண்களில் பிழை காட்டினார், வெள்ளியின் அணு எடையே 107.93-இலிருந்து 107.88-க்கு இறங்கியது.

அந்தத் துல்லியம் எதற்கு உதவியது என்று பாருங்கள். 1913-இல் சாடி, ஒரே தனிமத்தில் எடை வேறுபட்ட அணுக்கள் இருக்கலாம் என்றார். உண்மையா என்று பார்க்க ஒரு வழி இருந்தது. யுரேனியம் சிதைந்து கடைசியில் ஈயமாகிறது, தோரியமும் ஈயமாகிறது, இரண்டு ஈயமும் எடையில் வேறுபட வேண்டும். யுரேனியக் கனிமங்களிலிருந்து எடுத்த ஈயத்தை, கார்ல்ஸ்ரூவிலிருந்து வந்த மாக்ஸ் லெம்பர்ட்டோடு சேர்ந்து ரிச்சர்ட்ஸ் 1914-இல் அளந்தார். வியன்னாவில் ஹோனிக்ஷ்மிட், ஸ்டெஃபனி ஹோரோவிட்ஸ் இருவரும் அதே வருஷம் தனியாக அளந்தார்கள், ஹோனிக்ஷ்மிட் ரிச்சர்ட்ஸிடம் பயின்றவர். சாதாரண ஈயம் 207.2. யுரேனியக் கனிமத்து ஈயம் அதைவிடக் குறைவாகவே வந்தது, மிகச் சுத்தமான மாதிரிகளில் 206-ஐ ஒட்டி. தோரியக் கனிமத்து ஈயம் சாதாரண ஈயத்தைவிடக் கூடுதல் என்று சாடி காட்டினார். வேதியியல் சோதனை எதிலும் இந்த ஈயங்களுக்குள் வித்தியாசம் காண முடியாது, தராசில் மட்டும் வித்தியாசம். ஐசோடோப்பு என்ற கருத்துக்கு நேரடிச் சான்றாக முதலில் வந்தது இந்த எடைகள்தான், அதை ஐயமில்லாமல் சொல்லும் அளவுக்குத் தராசைக் கொண்டுவந்து வைத்தவர் ரிச்சர்ட்ஸ்.

அடுத்து ஆஸ்டனைப் படியுங்கள், 1922. நியானின் அணு எடை ஏன் 20.2 என்று அரைகுறையாக நிற்கிறது என்பதற்கு, 20 எடையுள்ளதும் 22 எடையுள்ளதும் கலந்திருக்கின்றன என்று தன் நிறை நிறமாலைமானியில் இரண்டு தனித்தனிக் கோடுகளாகப் பிரித்தே காட்டிவிட்டார். அதை முடித்துவிட்டு வாருங்கள், அவருடைய கருவி எப்படி வேலை செய்தது என்பதைத் தனித் திரியாகவே போடலாம்.